மௌனத்தின் வரலாறு: அதிகாரமும் 'வலுவூட்டலும்' பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

அபிவிருத்தி குறித்த எழுத்துக்களிற் கடந்த சில தசாப்தங்களிற் பெருவழக்குப் பெற்ற கலைச்சொற்களுள் 'வலுவூட்டல்' தலையாயது எனலாம். அரசாங்க அறிக்கைகள், ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனங்கள், வங்கிகளின் விளம்பரங்கள், அரச சார்பற்ற நிறுவனங்களின் திட்ட முன்மொழிவுகள் ஆகிய யாவற்றிலும் இச்சொல் ஒரே வகையான எளிமையுடன் ஆளப்படுகின்றது. ஒரு கருத்தாக்கத்தை ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருங்கே விரும்பி ஏற்கும்பொழுது அதனை நின்று நிதானித்து நோக்குதல் ஆய்வாளரின் கடமையாகும்.

முதலிற் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஊட்டு' என்பது 'உண்' என்னும் வினையின் பிறவினை வடிவம். ஊட்டுபவர் ஒருவர், ஊட்டப்படுபவர் வேறொருவர். தமிழகத்திற் பயிலும் 'அதிகாரமளித்தல்' என்னும் சொல்லோ கொடையைச் சுட்டுவது. கொடை என்ற அளவிலேயே கொடுப்போன் மேலும் கொள்வோன் கீழும் அமைந்துவிடுகின்றனர். இரு சொற்களிலும் எழுவாயாக நிற்பது நிறுவனம். மக்கள் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர். 'வலுப்பெறல்' என்னும் தன்வினைச் சொல் நம் மொழியில் இயல்பாகவே இருந்தும் அது கலைச்சொல்லாக நிலைபெறாமற் போனமை தற்செயலானதன்று. சொல்லை உருவாக்கியோர் எவ்விடத்தில் நின்று உலகை நோக்கினர் என்பதை அச்சொல்லின் இலக்கணமே காட்டிக்கொடுக்கின்றது.

எனினும் இக்கருத்தாக்கம் தொடக்கத்தில் இத்தகையதாக இருக்கவில்லை. பிரேசிலிலிருந்து வெளியேற்றப்பட்ட பாவுலோ பிறெயிரே 1960களின் பிற்பகுதியிற் சிலி நாட்டிலிருந்து எழுதிய நூல், ஒடுக்கப்பட்டோர் தம் நிலைமையைத் தாமே வாசித்தறிந்து அதனை மாற்ற முனைதலையே கல்வி எனக் கண்டது. 1976 இற் பார்பரா சொலமன், ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நிகழும் சமூகப்பணி பற்றி எழுதியபோது இச்சொல்லை இனவொதுக்கலோடு பிணைத்தே ஆண்டார். 1984 இற் பெங்களூரிற் கூடிய மூன்றாம் உலகப் பெண்ணிலைவாதிகள், கடன் நெருக்கடி, இராணுவமயமாதல், ஆணாதிக்கம் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்புடையனவாகக் கண்டு, பெண்களின் கூட்டுப் பலத்தை முதன்மைப்படுத்தினர். கீதா சென், கரென் குறோன் ஆகியோர் எழுதி 1987 இல் வெளியான நூல் அச்சிந்தனையின் பேறாகும். இவை யாவற்றிலும் அதிகார உறவின் மாற்றமே குறிக்கோளாக நின்றது.

2000களின் தொடக்கத்தில் நிலைமை வேறாயிற்று. உலக வங்கியின் 2000/2001 ஆம் ஆண்டு அபிவிருத்தி அறிக்கை வறுமைக்கெதிரான மூன்று தூண்களுள் ஒன்றாக வலுவூட்டலை ஏற்றுக்கொண்டது. 2002 இல் அதற்கென ஒரு கைநூலையும் அவ்வங்கி வெளியிட்டது. அமைப்புச் சீராக்கம் என்ற பெயரிற் பொதுச் செலவினங்களைக் குறைக்குமாறு வறிய நாடுகளை நிர்ப்பந்தித்த நிறுவனமே அவ்வறிய மக்களுக்கு வலுவூட்டவும் முன்வந்தமை மனங்கொள்ளத்தக்கது. பெண்ணியச் செயற்பாட்டாளரான சிறீலதா பட்லிவாலா 2007 இல் எழுதிய கட்டுரையொன்றில், வலுவூட்டலிலிருந்து வலுவே அகற்றப்பட்டுவிட்டது என வாதிட்டார். சமூக அமைப்பை மாற்றும் கூட்டுச் செயலாக விளங்கியது தனிமனிதரின் தன்னம்பிக்கை, திறன், சேமிப்பு எனச் சுருங்கிற்று என்பதே அவரது முறைப்பாடு.

இக்கூற்று பெரிதும் ஏற்புடையதே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இச்சொல் இத்துணை எளிதாகக் கைமாற முடிந்தது எவ்வாறு? அதிகாரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக வரையறுக்காமல் வலுவூட்டல் பற்றிப் பேசமுடிந்தமையே அதற்குரிய காரணம் என்பது நமது கருத்து. ஆகவே நாம் அதிகாரம் பற்றிய விவாதத்துக்கே திரும்புதல் வேண்டும்.

2

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க அரசறிவியலில் அதிகாரம் என்பது கண்ணாற் காணக்கூடிய ஒன்றாகவே கருதப்பட்டது. றொபேட் டால் 1961 இல் வெளியிட்ட நூலில், நியூ ஹேவன் நகரில் எடுக்கப்பட்ட தீர்மானங்களை ஆராய்ந்து, எவரது விருப்பம் வென்றது எனக் கணக்கிட்டார். வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு குழுவினர் வென்றமையால் அதிகாரம் பரவலாகவே உள்ளது என முடிவு கூறினார். இந்நோக்கின்படி, அரங்குக்கு வந்து பேசாதவர்கள் குறையற்றவர்கள், அல்லது அக்கறையற்றவர்கள்.

1962 இற் பீற்றர் பக்ராக், மோர்ட்டன் பராற்ஸ் என்னும் இருவரும் இதனை மறுத்தனர். எவ்விடயம் விவாதத்துக்கு வருகின்றது என்பதை மட்டுமன்றி, எவ்விடயம் விவாதத்துக்கே வராமற் தடுக்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும் என்றனர். கூட்டத்தில் வெல்வது ஓர் அதிகாரம். கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை வரைவது மற்றோர் அதிகாரம்.

1974 இல் வெளிவந்த ஸ்ரீவன் லூக்ஸின் சிறுநூல் இவ்விரண்டையும் கடந்து மூன்றாவது பரிமாணம் ஒன்றைச் சுட்டியது. ஒருவரது விருப்பத்துக்கு மாறாக அவரைச் செயற்படுத்துவது மட்டுமே அதிகாரமன்று. அவரது விருப்பத்தையே உருவாக்குவதும் அதிகாரமே. குறை இருந்தும் குறை என்று தோன்றாதிருக்கச் செய்தல், இருக்கும் ஒழுங்கே இயற்கையான ஒழுங்கு என எண்ணச் செய்தல் ஆகியன அதிகாரத்தின் மிக நுண்ணிய வடிவங்கள். இத்தாலிய மார்க்சியவாதி அந்தோனியோ கிராம்சியின் மேலாண்மைக் கோட்பாட்டின் சாயல் இதிற் தெளிவாகவே தெரிகின்றது.

லூக்ஸின் வாதம் கோட்பாட்டளவிற் கவர்ச்சியானது. ஆனால் அதனை நிறுவுதல் கடினம். நிகழாத ஒன்றுக்கு எவ்வாறு சான்று காட்டுவது? வெளிப்படாத எதிர்ப்பை எவ்வாறு அளப்பது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர் லூக்ஸின் மாணவரான ஜோன் கவெந்தா. 'அதிகாரமும் அதிகாரமின்மையும்' என்ற பொருள்பட அவர் 1980 இல் வெளியிட்ட நூலே நமது ஆய்வுக்கு மையமானது.

3

ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி, ரெனசி ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில், கம்பர்லண்ட் கணவாயை அடுத்துள்ளது கிளியர் ஃபோர்க் பள்ளத்தாக்கு. 1880களின் இறுதியில் லண்டன் மூலதனத்தைக் கொண்டு இயங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் என்னும் கம்பனி அப்பள்ளத்தாக்கின் நிலத்திற் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. நிலத்தின் கீழ் நிலக்கரி இருந்தது. நிலத்தின் மேல் வாழ்ந்த மலைநாட்டு விவசாயிகள் அதன் பெறுமதியை அறிந்திருக்கவில்லை. சில ஆண்டுகளுள் மிடில்ஸ்பறோ என்ற புதிய நகரம் எழுந்தது. அதன் தெருக்களுக்கு இங்கிலாந்துப் பெயர்கள் இடப்பட்டன. நிலத்துக்குரியோராய் இருந்தவர்கள் அந்நிலத்திலேயே கம்பனியின் கூலிகளாயினர். வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, வேலையும் கம்பனியுடையது.

கவெந்தா எழுப்பிய வினா எளிமையானது. இத்துணை ஏற்றத்தாழ்வு நிலவிய இடத்திற் கிளர்ச்சி ஏன் அரிதாயிற்று? 'மலைவாசிகளின் பண்பாடு அத்தகையது. அவர்கள் விதியை நம்பிச் சோம்பியிருப்பவர்கள்' என்பதே அக்காலத்துச் சமூகவியலாளர் பலர் கூறிய விடை. கவெந்தா அவ்விடையை ஏற்கவில்லை. அவர் பண்பாட்டை விளக்கமாகக் கொள்ளாது, விளக்கப்படவேண்டிய ஒன்றாகக் கொண்டார். மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதே அவரது ஆய்வின் அடிப்படை.

அவ்வரலாற்றின் படிகளை அவர் ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். 1930களின் தொடக்கத்திற் பொதுவுடைமையாளர் தலைமையில் எழுந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் துப்பாக்கியாலும் பட்டினியாலும் முறியடிக்கப்பட்டது. அத்தோல்வியின் நினைவு அடுத்த தலைமுறையின் எச்சரிக்கையாயிற்று. பின்னர் வலுப்பெற்ற சுரங்கத் தொழிலாளர் சங்கமும் காலகதியிற் தன் உறுப்பினர்மீதே ஆதிக்கம் செலுத்தும் அமைப்பாக மாறிற்று. 1969 டிசம்பர் 31 அன்று, சங்கத் தலைவர் ரொனி பொய்லை எதிர்த்துப் போட்டியிட்ட ஜோசப் யப்லொன்ஸ்கியும் அவரது மனைவியும் மகளும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அக்கொலைக்கு ஏற்பாடு செய்தவர் பொய்ல் என்பது பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. அவ்வாறிருந்தும் 1972 இல் நடந்த மறுதேர்தலில் இப்பகுதியைச் சார்ந்த சங்க மாவட்டம் பொய்லையே பெருமளவில் ஆதரித்தது. ஓய்வூதியமும் மருத்துவ அட்டையும் சங்கத்தின் கையில் இருக்கும்போது வாக்கு என்பது சுதந்திரமான தெரிவாக இருத்தல் இயலாது.

இவ்வாறு மூன்று பரிமாணங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலைக் கவெந்தா காட்டினார். பலமுறை தோற்றவர் கோரிக்கையை எழுப்பத் தயங்குவர். எழுப்பப்படாத கோரிக்கை நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாது. நீண்டகாலம் இடம்பெறாத கோரிக்கை ஈற்றில் எண்ணத்திலிருந்தே மறையும். ஆனால் அதிகாரத்தின் பிடி ஓரிடத்தில் தளரும்போது மக்கள் உடனடியாகவே செயற்படுகின்றனர் என்பதும் அவர் கண்ட உண்மை. 1970களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கு மக்கள் கம்பனியின் நிலத்துக்கு விதிக்கப்பட்ட வரி மிகக் குறைவென்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவி முறையிட்டனர். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த எண்பது மாவட்டங்களில் நிலவுடைமை பற்றிய ஆய்வொன்றை அப்பிரதேச மக்களே நடத்தினர். எவருடைய நிலம் எவரிடம் உள்ளது என்பதை அறிவதே அவர்கள் தேடிக்கொண்ட முதல் வலுவாக அமைந்தது.

4

கிளியர் ஃபோர்க் பற்றிய இந்நூலை வாசிக்கும் இலங்கை வாசகருக்கு நமது மலையகம் நினைவுக்கு வராதிருக்க முடியாது. இது வெறும் ஒப்புமையன்று. லண்டன் மூலதனம் கம்பர்லண்ட் கணவாயில் நிலக்கரியைத் தேடிய அதே காலத்திற்றான், கோப்பிச் செய்கை நோயால் அழிந்த இலங்கை மலைச்சாரல்களில் அது தேயிலையை நாட்டியது. இரு இடங்களிலும் உரிமையாளர் கண்காணாத் தொலைவில் இருந்தார். வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தன. வேலையை இழப்பவர் லயத்தையும் இழப்பர் என்ற நிலையிற் பெரட்டுக்களத்தில் வாய்திறப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதைக் கூறவேண்டியதில்லை. தொழிலாளி மற்றொரு தோட்டத்துக்குச் செல்லவேண்டுமாயின் அவரது கடனைக் குறிக்கும் 'துண்டு' கைமாறவேண்டும் என்றிருந்த முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

ஆயினும் அடிப்படையான இரு வேறுபாடுகள் உள்ளன. கிளியர் ஃபோர்க் மக்கள் நிலத்தை இழந்தவர்கள். மலையகத்துக்கு வந்தவர்களோ நிலமற்றவர்களாகவே கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிக்குச் சட்டத்தின் கதவு பெயரளவிலேனும் திறந்திருந்தது. இங்கு கதவை அடைத்ததே சட்டம்தான்.

மலையக மக்கள் மௌனமாக இருந்தனர் என்பது வரலாற்றுக்கு முரணானது. 1931 இற் கோ. நடேசையர் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; அவரும் மீனாட்சியம்மையும் பாடல்களையும் துண்டுப்பிரசுரங்களையும் தோட்டந்தோறும் கொண்டுசென்றனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர் வெல்வதற்கும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் துணைநின்றன. இதற்குரிய விடை உடனடியாகவே வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் இயற்றப்பட்ட இரு சட்டங்களும் அம்மக்களுட் பெரும்பான்மையோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இல்லாதாக்கின. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை அவர்களது கருத்தைக் கேளாமலே இரு நாடுகளுக்கிடையிற் பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பிற்போடப்பட்டது.

இதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளின் அமைதியை 'அறியாமை' என்றும் 'பின்தங்கிய மனப்பான்மை' என்றும் விளக்குதல் எத்துணைப் பொருத்தமற்றது என்பது வெளிப்படை. வலு இல்லாதவர்களாக அவர்கள் பிறக்கவில்லை. பெற்ற வலு பாராளுமன்றத்தில் எண்ணிக்கையாக வெளிப்பட்டமையாற்றான் அது பறிக்கப்பட்டது.

நிகழ்ச்சிநிரலை வரையும் அதிகாரத்துக்கும் இங்கு தெளிவான உதாரணமுண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் தெரிவாகலாம், ஆனால் தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு அச்சபையிடம் கோரமுடியாது. இத்தடை 2018 இலேயே திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் எவரையும் அச்சுறுத்தவில்லை. ஒரு சட்டப்பிரிவு அமைதியாகத் தன் பணியைச் செய்தது. டாலின் முறையியலைப் பின்பற்றி அச்சபைகளின் தீர்மானங்களை எண்ணும் ஆய்வாளர் ஒருவருக்கு இவ்வதிகாரம் கண்ணிற் படவே மாட்டாது.

தொழிற்சங்கங்கள் குறித்தும் கவெந்தாவின் ஆய்வு நமக்குக் கசப்பான பாடமொன்றைத் தருகின்றது. மலையகத் தொழிற்சங்கங்களின் சாதனைகள் மறுக்கமுடியாதவை. 1986 ஜனவரியில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் நாடற்றோர் பிரச்சினையின் தீர்வை விரைவுபடுத்தியது. ஆனால் சந்தாப் பணத்தைத் தோட்ட நிருவாகமே சம்பளத்திற் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம், சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலிருந்த உயிருள்ள தொடர்பைத் தளர்த்தியது. நிருவாகம், அமைச்சு, சங்கத் தலைமை ஆகிய மூன்றும் ஒரே மேசையைச் சுற்றி அமரும்பொழுது கொழுந்து பறிப்பவர் அம்மேசையில் எங்கே என்ற வினா எழுகின்றது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதையும், சங்கத் தலைமைகள் நீண்டகாலம் ஆண்களிடமே இருந்தன என்பதையும் இணைத்து நோக்கின் இவ்வினா மேலும் கூர்மை பெறும்.

5

இனி, கவெந்தாவினதும் லூக்ஸினதும் நோக்கின் வரம்புகளைச் சிறிது நோக்குதல் தகும். மூன்றாவது பரிமாணம் பற்றிய வாதத்தில் ஓர் அபாயம் உள்ளது. மக்கள் தம் உண்மையான நலனை அறியாதவர்கள் என்று கூறுபவர், தாம் அதனை அறிந்தவர் என்றும் கூறாமற் கூறுகின்றார். மக்களுக்குப் பிரக்ஞையை ஊட்டவேண்டும் என்னும் புத்திஜீவியும், வலுவை ஊட்டவேண்டும் என்னும் வங்கி அதிகாரியும் இவ்விடத்தில் ஒருவருக்கொருவர் அயலவராகிவிடுகின்றனர். இடதுசாரி இயக்கங்களும் இக்குறைக்கு விலக்கல்ல.

இவ்வபாயத்தை நன்குணர்த்தியவர் ஜேம்ஸ் ஸ்கொற். மலேசியாவின் கெடா மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆய்வு செய்து அவர் 1985 இல் வெளியிட்ட நூல், பசுமைப் புரட்சியாலும் அறுவடை இயந்திரங்களாலும் வேலையிழந்த நெல் விவசாயக் கூலிகளின் அன்றாட எதிர்ப்பை விவரிக்கின்றது. முகத்துக்கு முன் பணிவும், முதுகுக்குப் பின் ஏளனமும் கொண்ட அம்மக்கள் எதனையும் அறியாதவர்களல்லர். அவர்கள் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர். வெளிப்படையாகச் சொல்வதன் விலையையும் அறிந்திருந்தனர்.

மலையகத்தின் வாய்மொழி மரபும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் திரட்டிய நாட்டார் பாடல்களிற் கங்காணியின் பேராசையும், துரையின் கொடுமையும், கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கும், குறைந்த கொழுந்துக்கு விழும் அரைப்பேரும் மறைவின்றிப் பேசப்படுகின்றன. அப்பாடல்களைப் பாடியவர்களுக்குச் சுரண்டல் பற்றி எவரும் வகுப்பு நடத்தவேண்டிய தேவை இருக்கவில்லை.

எனின், ஸ்கொற்றின் நோக்கு கவெந்தாவின் நோக்கை முற்றாக மறுக்கின்றதா? நாம் அவ்வாறு கருதவில்லை. பாடல் அநீதியை அறிந்திருந்தது. ஆனால் பாடலுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அறிவுக்கும் ஆற்றலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதற்குக் கவெந்தாவின் வரலாற்று முறை இன்றியமையாதது. அத்தூரத்தை அறியாமை எனத் தவறாக எண்ணாதிருப்பதற்கு ஸ்கொற்றின் எச்சரிக்கை இன்றியமையாதது.

கவெந்தாவின் பிற்காலச் சிந்தனையும் ஓர் உதாரணமாக அமைகின்றது. 2006 இல் அவர் அதிகாரத்தை ஒரு கனசதுரமாக உருவகித்தார்: புலப்படுவது, மறைந்திருப்பது, புலப்படாதது என மூன்று வடிவங்கள், மூடிய களம், அழைக்கப்பட்ட களம், மக்கள் தாமே உரிமைகோரிய களம் என மூன்று வெளிகள், உள்ளூர், தேசிய, உலக மட்டங்கள். அழைக்கப்பட்ட களத்துக்கும் உரிமைகோரிய களத்துக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு மிகப் பெறுமதியானது. ஆனால் பள்ளத்தாக்கொன்றின் நூறாண்டு வரலாற்றிலிருந்து பிறந்த சிந்தனை பயிற்சிப் பட்டறைகளில் நிரப்பப்படும் அட்டவணையாக மாறும்பொழுது, கட்டங்கள் எஞ்சுகின்றன, வரலாறு உதிர்ந்துவிடுகின்றது.

6

இவ்வாறு வரலாறு உதிர்ந்த வலுவூட்டல் எங்கு சென்று முடியும் என்பதற்கு நுண்கடன் தக்க சான்று. வங்காள தேசத்தில் 1983 இல் வங்கியாக நிறுவப்பட்ட கிராமின், 2006 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. வறிய பெண்ணுக்குக் கடன் கிடைப்பின் அவள் வலுப்பெறுவாள் என்பது உலகெங்கும் மந்திரம்போல ஒலித்தது. ஆன் மாரி கோற்சும் ரீனா சென் குப்தாவும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் பெயரிற் பெறப்பட்ட கடன்களிற் கணிசமானவை ஆண்களின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன எனக் காட்டியது. திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மட்டும் பெண்களிடம் தங்கியது. 2010 இல் ஆந்திர மாநிலத்தில் கடனாளிகளின் தற்கொலைகளைத் தொடர்ந்து நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இலங்கையிலும் போருக்குப் பிந்திய வடக்குக் கிழக்கிலும் பிற வறிய பிரதேசங்களிலும் இக்கடன் பரவியது. 2018 இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டியதாயிற்று. 2021 மார்ச்சில் ஹிங்குராங்கொடையிற் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர்.

இதனை நடைமுறைப்படுத்தலில் நேர்ந்த குறை என்று மட்டும் கொள்ளமுடியாது. நிலம், கூலி, சந்தை, குடும்பம் ஆகிய உறவுகளை இருந்தவாறே விட்டுவிட்டு, அவற்றுள் அகப்பட்ட பெண்ணிடமே 'இல்லாமையை' கண்ட கருத்தாக்கத்தின் தருக்கரீதியான விளைவு இது. அவளிடம் மூலதனம் இல்லை, திறன் இல்லை, நம்பிக்கை இல்லை என்று நிரல்படுத்தியவர்கள், அவளிடமிருந்து எடுக்கப்பட்டது எது, எடுத்தவர் எவர் என்று வினவவில்லை. எனினும் கடன் அவளுக்கு அளிக்காத ஒன்றைக் கடனுக்கெதிரான போராட்டத்தில் அவள் தானே தேடிக்கொண்டாள். சேர்ந்து நிற்கும் பலமே அது.

ஆகவே, எந்தவொரு வலுவூட்டற் திட்டத்தின் முன்னும் நாம் மூன்று வினாக்களை வைத்தல் வேண்டும். இம்மக்களிடம் முன்னர் இருந்த வலு எவ்வாறு, எவராற் பறிக்கப்பட்டது? இத்திட்டத்தினால் எவரேனும் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியையாவது இழக்கின்றனரா? இக்களத்துக்கு மக்கள் அழைக்கப்பட்டனரா, அன்றித் தாமே வந்தனரா? இரண்டாவது வினாவுக்கு 'எவரும் எதனையும் இழக்கவில்லை' என்பது விடையாயின், அங்கு வலு இடம்மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டுமே மாறியுள்ளது.

2023 இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டையொட்டி, முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியொன்று நிகழ்ந்தது. காணியுரிமை, கௌரவமான வீடு, வாழ்வதற்குப் போதிய கூலி, சமத்துவமான குடியுரிமை ஆகியவை அதன்போது வலியுறுத்தப்பட்டன. அக்கோரிக்கைகளை எவரும் அவர்களுக்கு ஊட்டவில்லை. அவை எவரது நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாமற் போகின்றன, ஏன் போகின்றன என்பதை ஆராய்வதே பல்கலைக்கழகங்களிலிருந்து நாம் ஆற்றத்தக்க பணியாகும். வறியோரைப் பற்றிய ஆய்வுகள் நம்மிடையே போதியளவு உள்ளன. அவர்களை வறியோராக வைத்திருக்கும் அதிகாரத்தைப் பற்றிய ஆய்வுகளே இன்னும் அரிதாகவுள்ளன.